கதவு இல்லாமல் போன அறை

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. சின்ன ‘ர’ எங்கே வரும், பெரிய ‘ற’ எங்கே வரும் என்பது எனக்கு இன்றுவரை குழப்பம்தான். பதினாறு வயதிலிருந்து ஹார்ட்வெயார் கடையில் கண்ணாடி வெட்டுகிறேன். வைரக் கத்தியால் கோடு இழுத்துப் பழகிய கை, பேனாவைப் பிடித்தாலும் அப்படித்தான் அழுத்துகிறது. தாளின் பின்பக்கம் எழுத்து புடைத்துத் தெரிந்தால் அதுதான் காரணம்.

இந்தக் கொப்பியை வாங்கியவர் எங்கள் சந்தின் முதல் வீட்டில் சலூன் வைத்திருக்கும் அண்ணன். வீடுகளை இடித்துவிட்டுத் தொடர்மாடி கட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும், ஆறு வீட்டுக்காரரும் ஆளுக்கு நாலு பக்கம் எழுதிவைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். மற்றவர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். கொப்பி எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. சலூன் அண்ணன் என்னைக் காணும்போதெல்லாம், “என்ன தம்பி, கண்ணாடியிலயா எழுதிக்கிட்டு இருக்கீங்க?” என்று கேட்கிறார். நான் சிரித்துக்கொண்டு போய்விடுவேன். எனக்குப் பேசவே வராது. ஒருவர் என் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டால், பதில் வருவதற்குள் அவர் அடுத்த ஆளிடம் கேட்டுவிடுவார். அந்தக் குணத்தால் நடந்த ஒன்றைத்தான் எழுத நினைக்கிறேன்.

மாத்தளை டவுனில் பெரிய தெருவுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் சந்து. முன்னொரு காலத்தில் இது வீடே இல்லை. கொக்கோ விதையைக் காயவைத்துச் சாக்கில் கட்டி அடுக்கும் ஸ்டோர். கொக்கோ வியாபாரம் நின்றபிறகு காணிக்காரர் அந்த நீளமான கட்டடத்துக்குள் குறுக்குச் சுவர்களை எழுப்பி, ஆறு வீடாக்கி வாடகைக்கு விட்டார். நான் சின்னவனாக இருந்தபோது, நல்ல மழை பெய்தால் தரையிலிருந்து கொக்கோ வாசம் எழும்பும். புளிப்பும் கசப்பும் கலந்த ஒரு வாசம். சீமெந்து போட்டபிறகும் குசினியில், அடுப்பு மூலையில் மட்டும் அது பல வருடம் வந்துகொண்டிருந்தது. இப்போது இல்லை. ஆனாலும் மழை பிடித்தால் நான் அந்த மூலையில் கொஞ்சம் நிற்பதுண்டு.

அந்தக் குறுக்குச் சுவர்கள் கூரையைத் தாங்குபவை அல்ல. ஒற்றைக் கல் சுவர்கள். அதனால் எங்கள் சந்தில் ஒரு வழக்கம் வந்தது. அதைக் கதவு மாற்றுவது என்போம். ஒரு வீட்டில் கல்யாணம், பிள்ளைப்பேறு, படுக்கையில் விழுந்த நோயாளி என்று இடம் போதாமல் போனால், பக்கத்து வீட்டுக்காரர் தன் ஓர் அறையைக் கொடுப்பார். அறையிலிருந்து தன் வீட்டுக்குள் வரும் வாசலைக் கல் வைத்து மூடுவார். அடுத்த பக்கம் சுவரை உடைத்து அந்த வீட்டுக்கு ஒரு வாசல் வைப்பார்கள். நிலையும் கதவும் ஒன்றேதான்; அதைக் கழற்றி அங்கே பூட்டுவார்கள். தேவை முடிந்ததும் திரும்ப மாற்றுவதும் உண்டு, மாற்றாமல் விட்டதும் உண்டு. அதை யாரும் தாளில் எழுதியதில்லை. சலூன் அண்ணன் வீட்டுக் குசினி அடுத்த வீட்டுக்குச் சொந்தம் என்பதே போன வருடம்தான் அவருக்குத் தெரியவந்தது.

எங்கள் வீட்டுக்கு அடுத்தது ராத்தாவின் வீடு. முஸ்லிம் குடும்பம். மூத்த சகோதரியை அவர்கள் ராத்தா என்பார்கள்; அப்பா வாப்பா, அம்மா உம்மா. என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்பதால் நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகினேன். அவருக்குக் கலேவெலவிலிருந்து மாப்பிள்ளை பார்த்தார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து தங்குவதுதான் அவர்கள் வழக்கம். வருகிற மாப்பிள்ளைக்கு ஓர் அறை வேண்டும், அவர்கள் வீட்டில் இல்லை. ராத்தாவின் வாப்பா எங்கள் அப்பாவிடம் கேட்கவில்லை. அப்பா ஸ்டேஷனில் பார்சல் இறக்கும் வேலையிலிருந்து ஒருநாள் மத்தியானமே வந்து, கல் பெயர்க்க இரவல் வாங்கிய அலவாங்குக் கம்பியைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, என்னைப் பார்த்து, “ஒம் பாயச் சுருட்டிக்கடா,” என்றார். அவ்வளவுதான்.

அது நான் படுக்கும் அறை. பத்தடி நீளம், ஒன்பதடி அகலம். கடையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எதைப் பார்த்தாலும் அளந்துபார்க்கும் பைத்தியம் அப்போது எனக்கு. பாயைச் சுருட்டிக்கொண்டு முன் அறைக்கு வந்தேன். பொழுது சாய்வதற்குள் எங்கள் பக்கம் வாசல் மூடியாயிற்று. அந்தப் பக்கம் வாசல் திறந்தாயிற்று. ராத்தாவின் உம்மா ஒரு சட்டி நிறைய வட்டிலப்பம் அனுப்பினார். அப்பா கையெல்லாம் சுண்ணாம்பாக இருக்க, என் அம்மா அவருக்கு ஊட்டிவிட்டதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். அம்மா அப்பாவுக்கு ஊட்டியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு அந்த அறையை நான் காதால்தான் அறிவேன். முதலில் தையல் மெஷின் சத்தம். பிறகு பிள்ளை அழும் சத்தம், அது ஓய்வதற்குள் இன்னொரு பிள்ளை. அந்திக்கு இரண்டு பிள்ளைகளும் ஓதுவார்கள். ஒன்று வேகமாக ஓடும், மற்றது இழுக்கும். மச்சான் — ராத்தாவின் கணவரை அப்படித்தான் கூப்பிடுவேன் — தம்புள்ளைக்கு வெங்காய லொறி ஓட்டினார். அவர் வீடு வந்தால் முதலில் வருவது செருப்பை உதறுகிற சத்தம், பிறகு இருமல். அந்த இருமல் ஒரு வருடம் நிற்கவேயில்லை. அந்த அறையில்தான் மௌத்தானார்; உயிர் போனதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மறுநாள் சுவருக்கு இந்தப் பக்கம் நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது அந்தச் சத்தங்கள் ஒன்றுமே இல்லை. கன்னத்தை வெட்டிக்கொண்டேன்.

எங்கள் அப்பா அம்மா காலமானார்கள். ராத்தாவின் வாப்பா உம்மாவும் போனார்கள். ராத்தாவின் மகன் வெளிநாட்டில். மகள் கல்யாணமாகி, மாப்பிள்ளைக்கு வேலை அங்கே என்பதால், கலேவெலவில், தன் வாப்பாவின் ஊரில். ராத்தா தனியாக இருக்கிறார். அறை அவர் பக்கமே இருந்தது. அதைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

பிறகு காணிக்காரரின் பேரன் கம்பனி ஆட்களோடு வந்தார். சந்து முனையில் கதிரை போட்டுக் கூட்டம் வைத்தார்கள். எட்டு மாடிப் படத்தை விரித்துக் காட்டினார்கள். பால்கனி, கீழே கார் நிறுத்தும் இடம், புல்தரை எல்லாம் இருந்தது. சலூன் அண்ணன் மூக்குக் கண்ணாடியைப் போட்டு நன்றாகப் பார்த்துவிட்டு, “எட்டு மாடியில ஒரு துணி கூடக் காயலையே சேர். அன்னைக்கு மழையா?” என்று கேட்டார். கம்பனிக்காரரும் சிரித்துவிட்டார்.

விதியை அவர் சிங்களத்திலும் தமிழிலும் சொன்னார். பழைய பேப்பர்களைப் பார்த்தால் ஆறு மாதம் சண்டைதான் வரும், அதனால் இருக்கிறதை இருக்கிறபடி அளப்போம் என்றார். ஓர் அறையின் கதவு எந்த வீட்டுக்குள் திறக்கிறதோ அறை அந்த வீட்டுக்கு. முந்நூறு சதுர அடிக்கு மேல் இருந்தால் மாடியில் ஓர் அறை உள்ள வீடு. நானூறுக்கு மேல் இருந்தால் இரண்டு அறை. முந்நூறுக்குக் கீழே என்றால் வீடு கிடையாது, நட்டஈடு வாங்கிக்கொண்டு போக வேண்டும். அளக்க இரண்டு கிழமையில், பதினாலு நாளில், ஆள் வரும்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள். அவள் கேட்டதில் பிழை இல்லை. எங்களுக்கு ஒரு மகன். கண்டியில் புடவைக் கடையில் வேலை செய்கிறான். அடுத்த வருடம் கல்யாணம் செய்து வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

“வர்ற மருமக எங்க படுப்பா? முன் ரூம்லயா? அந்த ரூம் நம்ம ரூம். குடுத்தது ஒங்க அப்பா. கேக்க வேண்டியது நீங்க,” என்றாள்.

நான் தலையாட்டினேன்.

அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வீட்டு ஜன்னலுக்கும் கண்ணாடி போட்டவன் நான்; இரண்டு வீட்டு அளவும் என் மனதில் இருந்தது. கூட்டத்தில் கதிரையில் இருந்தபடியே பெருக்கிப் பார்த்துவிட்டேன். அந்த அறை தொண்ணூறு சதுர அடி. அது எங்களுக்கு வந்தால் எங்கள் வீடு நானூற்று முப்பது. வராவிட்டால் முந்நூற்று நாற்பது. எங்களுக்கு எப்படியும் ஒரு வீடு உண்டு. ராத்தாவின் வீடு அறையோடு முந்நூற்று ஐம்பது. அறை போனால் இருநூற்று அறுபது. அவருக்கு மாடியில் வீடு இல்லை.

இதை அன்றைக்கே மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அவள் ஏதாவது பதில் சொல்லுவாள், அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும், அப்படியே பேச்சு வளரும் என்று பயந்தேன். இப்போது எழுதும்போது சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரிகிறது.

அந்த இரண்டு கிழமையில் மூன்று தடவை ராத்தா வீட்டு வாசலுக்குப் போனேன். முதல் தடவை, ஜன்னலில் வெடித்த கண்ணாடியைப் பார்க்க வந்ததாகச் சொன்னேன். இரண்டாம் தடவை அளவெடுத்தேன். மூன்றாம் தடவை புதுக் கண்ணாடியைக் கொண்டுபோய்ப் பூட்டினேன். ராத்தா ஒவ்வொரு தடவையும் பிளேன்டீ ஊற்றித் தந்தார். அறையைக் கேட்பதற்கு வந்தேனா, கேட்கமாட்டேன் என்று சொல்ல வந்தேனா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டையும் சொல்லவில்லை. மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னைக்கும் கண்ணாடிதானா?” என்றாள்.

அளப்பதற்கு முதல்நாள் காலை பதினொரு மணிபோல ராத்தா கடைக்கு வந்தார். அவர் ஒருநாளும் கடைக்கு வந்ததில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் நின்றார்.

“தம்பி, யட்டவத்தயிலேந்து மேசன் பாஸ் வந்து எங்கட பக்கம் வாசல மூடிக்கொண்டு ஈக்கிறார். ஒங்கட பக்கம் நாளைக்கு முந்தித் தொறந்துக்கொள்ளுங்க.”

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

“நீங்க கேக்கமாட்டீங்க. மூணு நாளும் வெளங்கிச்சி எனக்கு. ஒங்கட வாப்பா தந்த அறதானே. மகனுக்கு வேணும்.”

“ராத்தாவுக்கு வீடு...” என்று தொடங்கினேன்.

“அளவு எனக்கும் தெரியும். மகள் ஈக்கிறாதானே கலேவெலயில,” என்றார். சொல்லிவிட்டு, இந்தக் கடையில் எவ்வளவு தூசி, எப்படித்தான் இருக்கிறீங்களோ என்று வேறு பேச்சுப் பேசிக்கொண்டு போனார்.

ராத்தாவுக்கு மகள் வீட்டில் ஒரு கிழமை தங்குவதே கஷ்டம். அங்கே வெக்கை, மாத்தளைக் காற்று இல்லை என்பார். ஊருக்குப் போனால் மூன்றாம் நாள் பஸ்ஸில் திரும்பி வருவார். அப்படிப்பட்டவர் போகிறேன் என்கிறார்.

வேலை முடிந்து சந்துக்குள் வந்தபோது ராத்தாவின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. முன் அறையில் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவைத்திருந்தார். அலுமாரி நடுவில் நின்றது. தையல் மெஷின் மேல் மச்சானின் லொறிச் சாவிக் கொத்து கிடந்தது. லொறி விற்று எத்தனையோ வருடம். அந்தச் சாமான்களுக்கு நடுவில் ராத்தா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போனேன். எங்கள் பக்கச் சுவரை உடைக்கவில்லை. ராத்தா வந்து சொன்னதை மனைவியிடம் சொல்லவும் இல்லை. சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் அளக்கிறவர் வந்தார். கண்டிப் பக்கத்துச் சிங்களப் பையன்மாதிரி இருந்தார், நல்ல மரியாதையான ஆள். சிவப்பு வெளிச்சம் அடித்து அளக்கும் கருவி வைத்திருந்தார். சுவரில் ஒரு புள்ளி விழும், இலக்கம் வந்துவிடும். எங்கள் வீட்டை அளந்தார். ராத்தாவின் வீட்டை அளந்தார். பிறகு வெளியே போய்க் கட்டடத்தின் முழு நீளத்தை அளந்தார். தாளைப் பார்த்தார். திரும்பவும் உள்ளே வந்து அளந்தார். உள்ளே உள்ளதைக் கூட்டினால் வெளியே உள்ளது வரவில்லை. நடுவில் தொண்ணூறு சதுர அடியைக் காணவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் வெறுமையாகச் சத்தம் கேட்டது. இரண்டு வீட்டிலும் வாசல் இல்லை.

சந்தே வந்து கூடிவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார். “யாரும் இல்ல சேர். நல்லாத் தேடிப் பாத்துட்டுத்தான் மூடினாங்க,” என்று சலூன் அண்ணன் சிங்களத்தில் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. ராத்தாவின் பக்கத்து ஈரச் சுவரை அப்போதுதான் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

அளக்கிறவர் பொறுமையாக விளக்கினார். வாசல் இல்லாத இடம் எந்த வீட்டுக்கும் சேராது. அது காணியோடு சேர்ந்தது என்று எழுதுவார். மற்ற நாலு வீட்டையும் அளந்து முடியும்வரை நேரம் தருவதாகச் சொன்னார். அதற்குள் எந்தப் பக்கமாவது திறந்தால் அந்தப் பக்கம் எழுதுவார்.

“நம்ம பக்கம் ஒடைங்க,” என்றாள் மனைவி, மெதுவாக.

“தம்பி, ஒங்கட பக்கம்தான். ஒடைங்க. நேரம் போகுது,” என்றார் ராத்தா.

இரண்டு பேரும் ஒன்றையே சொன்னார்கள். சந்து முழுவதும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. சலூன் அண்ணன் வீட்டிலிருந்து அலவாங்கைக் கொண்டுவந்து யாரோ என் கையில் தந்தார்கள். நான் ராத்தாவின் வீட்டுக்குள் போனேன். நிமிர்த்தி வைத்த கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய், நேற்று வைத்த கல்லின் மேல் அலவாங்கின் நுனியை வைத்தேன்.

“அங்க இல்ல தம்பி,” என்றார் ராத்தா பின்னாலிருந்து.

“இந்தப் பக்கம் சாந்து காயல ராத்தா. எங்க பக்கம் அப்பா வச்சது. அது இறுகிப் போய்க் கெடக்கு. பகல் சாப்பாட்டுக்குள்ள ஒடைக்க ஏலாது.”

இவ்வளவு பேருக்கு முன்னால் நான் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. சாந்து ஈரமாக இருந்தது உண்மை. நாலு கல்லைக் கையாலேயே எடுத்துவிட்டேன். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

ஆள் நுழையும் அளவுக்குத் திறந்ததும் நான்தான் முதலில் உள்ளே போனேன். பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்த பிறகு அன்றைக்குத்தான் அந்த அறைக்குள் கால் வைத்தேன். நான் படுத்த அறை மாதிரியே இல்லை. சுவர் பச்சை நிறம். பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்திருந்தார்கள், கோட்டுக்குக் கோடு அரபு எழுத்தில் ஏதோ எழுதி. மச்சான் சாய்ந்து உட்கார்ந்த இடத்தில் எண்ணெய் படிந்து ஒரு வட்டம். அளக்கிறவரின் சிவப்புப் புள்ளி அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. பத்தடிக்கு இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், குறைவு என்று காட்டியது. பச்சை அடிக்கும் முன் சுவருக்கு இன்னொரு பூச்சுப் பூசியிருப்பார்கள் போல.

ராத்தாவின் வீடு முந்நூற்று ஐம்பது என்று எழுதிக்கொண்டார். ராத்தா கையெழுத்துப் போட்டார். என்னிடம் கட்டிலை உள்ளே தூக்கிவைக்க ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன்.

அன்று மாலை மனைவி தேங்காய் துருவினாள். துருவி முடித்துக் கையைக் கழுவியபிறகுதான் கேட்டாள். அப்போது அவளிடம் கணக்கைச் சொன்னேன். முந்நூற்று நாற்பது, இருநூற்று அறுபது, எல்லாம் சொன்னேன். ராத்தா கடைக்கு வந்ததையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“ரூம் போனா ராத்தாவுக்கு வீடே இல்லேன்னு எனக்கு யாரு சொன்னா?” என்றாள். “ரெண்டு கெழம தெரிஞ்சுகிட்டு இருந்திருக்கீங்க. சொல்லியிருந்தா அலவாங்க நானே எடுத்துக் குடுத்திருப்பேன். சந்துக்கு முன்னால நம்ம பக்கம் ஒடைங்கன்னு சொல்ல வச்சிட்டீங்களே. ராத்தா என்ன நெனச்சிருப்பாங்க என்னைப் பத்தி?”

அறை போனதில் அவளுக்குக் கோபம் கிடையாது. மகனுக்கு இடம் பார்க்கலாம், கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றாள். ஆனால் ராத்தா வீட்டுப் பக்கம் போகாமல் இருந்தாள். தண்ணீர் எடுக்கவும் அந்த வழியாகப் போகவில்லை. ராத்தா வட்டிலப்பம் அனுப்பினார். வாங்கிவைத்துக்கொண்டு, சட்டியைக் கழுவி என்னிடம் கொடுத்து அனுப்பினாள்.

தொடர்மாடிக்கு மாநகரசபை இன்னும் அனுமதி கொடுக்கவில்லை. வருமா வராதா என்று தெரியாது. வந்தால் எங்கள் வீடும் ராத்தாவின் வீடும் மூன்றாம் மாடியில் அடுத்தடுத்து என்று கம்பனிக்காரர் சொன்னார். அங்கே சுவரெல்லாம் கொங்கிறீட்டாம், ஒரு ஆணி அடிக்கவும் கேட்டுத்தான் அடிக்க வேண்டுமாம்.

என் மனைவி எட்டாம் வகுப்புவரை படித்தவள். இந்தக் கொப்பியை அவள் வாசிப்பாள். ராத்தாவும் வாசிப்பார். ராத்தாவுக்கு நான் தெரிவிக்க வேண்டியது இதுதான்: அன்றைக்கு ‘நம்ம பக்கம் ஒடைங்க’ என்று என் மனைவி சொன்னபோது, அறை போனால் உங்களுக்கு வீடு இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்தவன் நான். சொல்லாமல் இருந்தவனும் நான். இதை உங்கள் வீட்டு வாசலில் வந்து வாயால் சொல்ல, அளந்த நாளுக்குப் பிறகு நாலு தடவை வந்தேன். நாலு தடவையும் ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போனேன். அதனால்தான் எழுதுகிறேன்.

மாத்தளை, 2025 ஒக்டோபர் 12 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.